எல்சியும் ஒரு விரற்கடை மண்ணும்

எல்சி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் முதல் தடவை காலை வாரிவிட்ட கணக்குப் பாடத்தை இரண்டாம் தடவை ஜெயித்தாள். பூதலூரிலிருந்து திருச்சிக்குப் போகும் காலை ரயிலை ஐந்து வருஷம், பெரும்பாலும் நின்றுகொண்டே போய் ஜெயித்தாள். "கல்லைப் பத்திப் படிச்சு என்ன பண்ணப் போற? நம்ம ஊர்ல ஒரு கூழாங்கல்லு உண்டா?" என்று கேட்ட சொந்தக்காரர்களை ஜெயித்தாள். கப்பலில் போகிற பெண் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த மாப்பிள்ளையை, அவர் சொல்லி முடிப்பதற்குள் தானே வேண்டாம் என்று சொல்லி ஜெயித்தாள். எங்கள் அம்மா அக்னஸை ஜெயித்தாள். அது ரயிலைவிடக் கஷ்டம். கப்பலில் ஏறிய பிறகு வாந்தியை ஜெயித்தாள். கடைசியாக, எங்கள் தொழில் அவள் கைக்குக் கற்றுக்கொடுத்துவிட்ட ஒரு பழக்கத்தை ஜெயித்தாள். மற்றவை ஊரில் பலருக்கும் தெரியும். இந்தக் கடைசி வெற்றி தெரியாது. அதைத்தான் எழுத வந்தேன்.

நான் ஆல்பின், எல்சிக்கு அண்ணன், ஒன்பது வருஷம் மூத்தவன். படித்தது எட்டாவது வரை. பூதலூரில் ஒரு நெல் வியாபாரியிடம் மாதிரி பார்ப்பது என் வேலை. மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் நெல்லைப் பார்க்கக் குத்தூசி என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் கூராக, உள்ளே குழிவாக இருக்கும். மூட்டையில் குத்தி, கையைச் சாய்த்து, இரண்டு தட்டுத் தட்டினால் நெல் வழிந்து உள்ளங்கைக்கு வரும். ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும். டக்கென்று உடைந்தால் காய்ந்த நெல். நசுங்கினால் ஈரம். குத்து, சாய், தட்டு, கடி. யோசித்துச் செய்கிற வேலை இல்லை, கை தானாகச் செய்யும்.

அறுவடைக் காலத்தில் எல்சி பள்ளிக்கூடம் விட்டதும் நேராக என்னிடம் வந்துவிடுவாள். ஒரு குத்தூசியை அவளிடம் கொடுத்துவிட்டால் நான் ஒரு டீ குடித்து வரலாம். கல்லூரிக்குப் போன பிறகும் ஒவ்வொரு தை, மாசியிலும் வந்து நின்றாள். என்னைவிட வேகமாகப் பார்ப்பாள். வியாபாரி ஒருநாள், "ஆல்பின், தங்கச்சிய வச்சுக்கிட்டு உன்னய அனுப்பிடலாமா?" என்று கேட்டார். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

எங்கள் அப்பா சகாயநாதன் ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், நிலம் குத்தகைக்குச் செய்கிறார். அந்த நிலத்தின் கீழ்க்கோடியில், வயலில் மிஞ்சிய தண்ணீர் வடிகாலில் விழும். வயலுக்கும் வடிகாலுக்கும் இடுப்பளவு இறக்கம். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் தண்ணீர் விழுகிற அந்த இடம் கொஞ்சம் சரியும். சரிந்த மண்ணைத் தண்ணீர் கொண்டுபோகும். அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம். இப்படி அறுபட்டுத் திறந்த வாயை வெட்டுவாய் என்போம். அது வடிகால் பக்கம் போகாது, வயலுக்குள்ளே பின்னோக்கி நடந்து வரும். அப்பா வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார். அது அடைப்பைச் சுற்றிக்கொண்டு வரும்.

எல்சி கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, ஒரு மழை நாளில் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அந்த வெட்டுவாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். அப்பா மண்வெட்டியோடு போனார்.

"அப்பா, இன்னைக்கு ஒருநாள் அடைக்காதீங்கப்பா. பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாக்குற?"

"எப்புடித் திங்குதுன்னு பாக்குறேன்."

"அது திங்கிறது என் வயல, பாப்பா. சோறு போட்டு வேடிக்கையா பாக்குறது?" என்று சொல்லிக்கொண்டே அப்பா அடைத்துவிட்டார். ஆனாலும் அவள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டாள் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

முதுகலை முடித்து, சென்னையில் கடலடி மண்ணை ஆராயும் ஒரு அலுவலகத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே தலைமை விஞ்ஞானி ஃபஹ்மிதா மேடம். 2023 மாசியில் கப்பல் புறப்படப்போகிறது, எல்சியும் போக வேண்டும் என்று சேதி வந்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கடல் என்றால் எங்களுக்கு வேளாங்கண்ணித் திருவிழாவில் முழங்கால் நனைகிற அளவுதான்.

"கடலுக்கு அடியில பள்ளத்தாக்காம். அத யாருடி வெட்டுனா?"

"தண்ணிதாம்மா."

"கடல்ல இருக்கிறது பூரா தண்ணி. தண்ணிக்குள்ள தண்ணி எப்புடிடி பள்ளம் வெட்டும்? எங்கிட்டயே கதை விடுறியா?"

எல்சி வயலில் அன்றைக்கு உழவு ஓட்டிக் கலக்கியிருந்த சேற்றுத் தண்ணீரை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு, அம்மாவையும் என்னையும் பம்புசெட்டுத் தொட்டிக்கு இழுத்துப் போனாள். மோட்டார் ஓடவில்லை. தொட்டித் தண்ணீர் அசையாமல் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒரு முனையில் துணி துவைக்கிற கல் பலகை தண்ணீருக்குள் சரிவாக இறங்கும். மறு முனையில் பக்கத்து வீட்டு அகிலாண்டம் அத்தை புடவை அலசிக்கொண்டிருந்தார்.

எல்சி பலகையின் மேல் சேற்றுத் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். அது மேலே கலங்கிப் பரவும் என்று நினைத்தேன். பரவவில்லை. பலகையோடு சறுக்கி, தெளிந்த தண்ணீருக்கு அடியில் புகுந்து, தொட்டியின் தரையோடு தரையாக ஓடியது. மேல் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. அடியில் மட்டும் பழுப்பாக ஒன்று, தலையைத் தூக்கிக்கொண்டு, மறு முனையை நோக்கிப் போனது.

"மாதாவே, பாம்பு கணக்கா போகுதே!" என்றார் அம்மா.

"சேத்துத் தண்ணி கனம்மா. நல்ல தண்ணிய விட கனம். அதனால அடிக்குப் போயிடும். சரிவு இருந்தா ஓடும். ஓடுறப்ப அடிமண்ணயும் கிளப்பிக்கிட்டு இன்னும் கனமாகும், இன்னும் வேகமா ஓடும். கடலுக்கு அடியிலயும் இதேதான். அங்க சில சமயம் பஸ்ஸை விட வேகமாப் போகும். கடலடியில போட்ட கேபிளையே அறுத்திருக்கு."

அதற்குள் அந்தப் பாம்பு மறு முனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"எவடி அது என் வெள்ளப் புடவையில சேத்த விட்டது!" என்று அகிலாண்டம் அத்தை எழுந்தார். "ஏ எல்சி, கடல ஆராயுறியா, என் துணிய ஆராயுறியா?"

அந்தப் புடவையை எல்சிதான் அலசிக் கொடுத்தாள். அலசிக்கொண்டே மீதியையும் சொன்னாள். நம் கரையிலிருந்து கொஞ்ச தூரம்வரை கடல் ஆழம் குறைவு. பிறகு பெரிய இறக்கம். வெகு காலத்துக்கு முன்னால், பூமியில் பனி அதிகமாக உறைந்திருந்தபோது, கடல் அந்த இறக்கத்தின் விளிம்புவரை பின்வாங்கியிருந்தது. ஆறுகள் இன்றைய கடற்கரையைத் தாண்டி ஓடி, மண்ணை அந்த விளிம்பிலேயே கொட்டின. கொட்டிய மண் சரிந்தது. சரிந்தது சேறாக ஓடி அறுத்தது. அறுத்த இடம் மறுபடி சரிந்து, கரையை நோக்கிப் பின்னாலேயே வந்தது. கடல் திரும்ப ஏறிய பிறகும் அந்த வேலை நிற்கவில்லை. புயலோ வெள்ளமோ நில அதிர்ச்சியோ வந்தால், தேங்கிய மண் பள்ளத்தாக்கு வழியாக ஓடி, ஆழ்கடல் தரையில் விசிறி மாதிரி பரவும்.

"கரை உடைஞ்சா வயல்ல மணல் பரவுமே, அப்புடியா?" என்று கேட்டேன்.

"அப்புடியேதாண்ணே. நம்ம கீழ்க்கோடி வெட்டுவாய ஆயிரம் மடங்கு பெருசாக்கிக்க. அவ்வளவுதான்."

அப்பா இதைக் கேட்டுவிட்டு, "அங்க யாரு அடைக்கிறா?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா சம்மதித்தது சேற்றுப் பாம்பைப் பார்த்தா, கப்பலில் ஃபஹ்மிதா மேடமும் வானதி என்ற மூத்த ஆராய்ச்சி மாணவியும் உண்டு என்று தெரிந்தா என்று எனக்குத் தெரியாது. தவக்காலம் முடிகிறவரை கவுச்சி தொடக்கூடாது என்று எல்சியிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்.

அந்தப் பயணத்தில் எல்சிக்கு ஒரே ஒரு காரியம்தான் முக்கியம். அதற்கு முந்தின ஆடி, ஆவணியில் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் போனது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வெள்ளத்தின் மண் கடலில் கலந்து, கரையோர நீரோட்டத்தில் வடக்கே போய், கடலூருக்கு வெளியே இருக்கும் பள்ளத்தாக்கில் இறங்கியிருக்குமா? இறங்கியிருந்தால் பள்ளத்தாக்கின் தரையில் எல்லாவற்றுக்கும் மேலே, புதிதாக, ஒரு விரற்கடை கனத்தில் படிந்திருக்கலாம். அந்த மேல் மண் கலையாமல் கிடைத்தால், அதையே எல்சி முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஃபஹ்மிதா மேடம் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. மறுபடி பூதலூர், மறுபடி குத்தூசி. எனக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது. அவளுக்கு இருந்திருக்கும்.

மண் எடுக்கிற விதம் இப்படி. ஓர் இரும்புச் சட்டத்தில் நாலு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டி, கம்பி வடத்தில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்கு இறக்குவார்கள். சட்டம் தரையில் நின்றதும் குழாய்கள் மெல்ல மண்ணில் இறங்கும். கொஞ்சம் மண், அதற்கு மேல் கொஞ்சம் கடல் தண்ணீர், இரண்டும் கலங்காமல் மேலே வரும். வந்த குழாயைச் சட்டத்திலிருந்து கழற்றி, நேராகவே தூக்கிப் போய் நிறுத்த வேண்டும். சாய்த்தால் மேல் மண் தண்ணீரோடு கலந்து போய்விடும்.

பள்ளத்தாக்கின் தரையில் முதல் தடவை இறக்கியபோது மூன்று குழாய்கள் வெறும் தண்ணீரோடு வந்தன. நாலாவதில் மட்டும் மண் இருந்தது. மேலே பழுப்பு, கீழே சாம்பல். எல்லோரும் கைதட்டினார்கள். அருகில் நின்றவள் எல்சி. கழற்றினாள். மேல் மூடி கையோடு வந்துவிட்டது. நொடி நேரம்தான். கை சாய்ந்தது. இரண்டு தட்டுத் தட்டியது. ஆழ்கடலின் மண் வழவழவென்று அவள் உள்ளங்கைக்கு வந்தது. அதோடு நின்றாளா? ஒரு துளி எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தும் பார்த்துவிட்டாள்.

வடத்தை இறக்கி ஏற்றும் வின்ச்சை ஓட்டுகிறவர் மன்னார்குடிக்காரர், பெயர் தமிழரசன். அவர்தான் முதலில் வாய் திறந்தார். "என்னம்மா, ஈரப்பதம் எவ்வளவு? கொள்முதல் பண்ணலாமா?"

ஃபஹ்மிதா மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "கடிச்சியில்ல? நறநறன்னுதா, வழவழன்னுதா?" என்று கேட்டார். மண்ணைப் பல்லில் வைத்துப் பார்ப்பது அவர்கள் தொழிலிலும் உண்டாம்.

"கொஞ்சம் நறநறன்னுது மேடம்."

"நல்லது. அது ஒண்ணுதான் இன்னைக்கு நமக்குக் கிடைச்ச தகவல். நீ உள்ள போ. இனிமே குழாயெல்லாம் வானதி எடுப்பா."

அன்று மாலை கப்பலின் இணையத்தில் எனக்குப் பேசினாள்.

"அண்ணே, மண்ணக் கொட்டிட்டேன்."

"எங்க கொட்டுன?"

"கையில."

"கையிலதான? அப்பறம் என்ன?"

"அண்ணே! கையில கொட்டக் கூடாதுண்ணே!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. குழாயைக் கண்டதும் கை குத்தூசி என்று நினைத்துவிட்டது. "சரி, இன்னொரு குழாய எறக்கச் சொல்லு" என்றேன். கப்பல் வேறு வேலைக்கு வடக்கே போக வேண்டும், கேப்டன் நாளை மறுநாள் ஒரே ஒரு தடவை இறக்க மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார், அதையும் வானதிதான் எடுக்கப்போகிறாள் என்றாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "மோர் சோறு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த மோர்தான் உதவியது. கப்பல் சமையல்காரர் நாகூர் ஜாஹித் பாய். எல்சி கவுச்சி தொடாததால் அவளுக்கென்று தினமும் மோர் எடுத்து வைப்பார். மறுநாள் காலை எல்சி ஒரு காலிக் குழாயோடு சமையலறையில் போய் நின்றாள்.

"பாய், ரெண்டு கரண்டி இட்லி மாவு வேணும். கொஞ்சம் மோரும்."

"இதுல இட்லி வேகாது தங்கச்சி."

"வேக வைக்கலைங்க. தூக்கிட்டு நடக்கப் போறேன்."

குழாயின் அடியை அடைத்து, பாதிவரை மாவு ஊற்றினாள். அதன் மேல் தண்ணீராகக் கரைத்த மோர். மாவு மண், மோர் கடல். தூக்கினாள். கை உடனே சாய்ந்தது. மோரும் மாவும் ஒன்றாகிவிட்டன. மறுபடி ஊற்றினாள், மறுபடி கலந்தது. புத்தி சொல்வதைக் கை கேட்கவில்லை. ஒரு துண்டை வாங்கி, வலது முழங்கையை இடுப்போடு சேர்த்துக் கட்டச் சொன்னாள். பாய் கட்டிவிட்டார். முழங்கை எழும்பாவிட்டால் குழாய் எப்படிச் சாயும்? சாயவில்லை. சமையலறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். பிறகு துண்டைத் தளர்த்தி நடந்தாள். மதியத்துக்குள் துண்டு இல்லாமல் நடந்தாள். இடையில் எத்தனை தடவை கலந்தது என்று பாய் கணக்கு வைக்கவில்லை. அன்றைக்குக் கப்பலில் எல்லோருக்கும் ஊத்தப்பம், அதில் லேசாகப் புளிப்பு தூக்கல் என்று தமிழரசன் சொன்னார்.

சாப்பிட வந்த ஃபஹ்மிதா மேடம் இதைப் பார்த்துவிட்டார். ஏன் என்று கேட்டார். எல்சி குத்தூசியைப் பற்றிச் சொன்னாள். மேடம் சிரிக்கவில்லை.

"இத எடுத்துக்கிட்டு மேல டெக்குக்குப் போயிட்டுத் திரும்பி வா" என்றார்.

கப்பலின் படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். அன்று கடலும் கொஞ்சம் ஆட்டம். எல்சி முன்னால் போக, பின்னால் மேடம், அவர் பின்னால் வானதி, பாய், தமிழரசன் என்று ஓர் ஊர்வலமே போனது.

"சப்பரம் போகுது, ஒதுங்குங்க!" என்று தமிழரசன் கத்தினார்.

மேலே போய்த் திரும்பி வந்து குழாயை மேசையில் நிறுத்தினாள். மேடம் குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தார். மாவு மாவாக இருந்தது, மோர் மோராக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டது மாதிரி.

"மேடம், அதக் குடிச்சிராதீங்க, லேப்புக் குழாய்" என்றார் பாய்.

மேடம் வானதியைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

"என்னால இந்தப் படியில ஒரு டீகூடச் சிந்தாம எடுத்துட்டு வர முடியல மேடம். அவளே எடுக்கட்டும்" என்றாள் வானதி.

கடைசித் தடவை இறக்கியதைத் தமிழரசனின் உதவியாள் போனில் வீடியோ எடுத்திருக்கிறார். எல்சி பிறகு அதை எனக்கு அனுப்பினாள். அம்மாவும் நானும் பலமுறை பார்த்திருக்கிறோம். வடம் ஏறிக்கொண்டே இருக்கிறது. சட்டம் தண்ணீரைவிட்டு வெளியே வருகிறது. முதல் குழாய் தண்ணீர். இரண்டாவதும் தண்ணீர். மூன்றாவது உடைந்திருக்கிறது. அந்த இடத்தில் அம்மா ஒவ்வொரு தடவையும் "இயேசுவே" என்பார், முடிவு தெரிந்திருந்தும். நாலாவதில் மண்.

எல்சி இரண்டு கையாலும் பிடித்துக் கழற்றுகிறாள். வலது முழங்கை இடுப்பை விட்டு நகரவில்லை. கப்பல் ஒரு பக்கம் சாய்கிறது. அவள் முழங்காலை மடக்கிக் கப்பலோடு சாயாமல் நிற்கிறாள். நட்ட வயலில் நாற்று மிதிபடாமல் நடப்பது போல ஒவ்வோர் அடியாக வைத்து, குழாய் நிறுத்தும் தாங்கியின் அருகில் போய், குழாயை நிறுத்துகிறாள். போன் கிட்டத்தில் போகிறது. மேலே தண்ணீர், தெளிவாக. கீழே சாம்பல் மண். இரண்டுக்கும் நடுவில், நம் வாய்க்கால் தண்ணீர் வடிந்த பிறகு வரப்போரம் படிந்திருக்குமே, அந்த நிறத்தில் ஒரு விரற்கடை பழுப்பு. அது கொள்ளிடத்து மண்தானா என்று சோதித்துச் சொல்லத்தான் இப்போது அவள் படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லக் கூடாது.

அந்தக் கப்பலில் ஒரு வழக்கம் இருக்கிறது. கலையாமல் எடுத்த குழாயின் மூடியில், எடுத்தவர்தான் அழியாத மையால் இடத்தின் எண்ணையும், எந்தப் பக்கம் மேல் என்று ஓர் அம்புக்குறியையும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் போடக் கூடாது. அந்தப் பயணத்தில் அதுவரை வேறு இடங்களில் எடுத்த எல்லா மூடிகளிலும் வானதியின் கையெழுத்தோ மேடத்தின் கையெழுத்தோதான் இருந்தது. மேடம் பேனாவை நீட்டுகிறார். எல்சி கையை பேண்ட்டில் துடைத்துக்கொள்கிறாள். எண், அம்புக்குறி, அதற்குக் கீழே தமிழில், ச. எல்சி. கடலடியிலிருந்து வந்த மண்ணில் என் தங்கை முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள் 2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை.